குளிர்ப்பெட்டியின் தொண்டைக்குழி



சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில், ரோச்சோர் கால்வாயின் கரையை ஒட்டிச் சுங்கே ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. பழைய சாமான் சந்தைக்குப் பேர்போன இடம். 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்தச் சந்தை மூடப்படும் வரை, ஓடாத கடிகாரம், பாடாத ரேடியோ, துருப்பிடித்த திருப்புளி, ஒற்றைச் செருப்பு எல்லாம் தரையில் விரித்த துணிமேல் கிடக்கும். ஆனால் ஹொக்கியன் பேசும் சீனர் அந்த வட்டாரத்துக்கு வைத்த பெயருக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை. 'உறைபனிப் பாலம்' என்று பொருள்படும் பெயரால்தான் அவர்கள் அதை அழைத்து வந்தார்கள்.

சிங்கப்பூரோ பூமத்திய ரேகையின் மடியில் உட்கார்ந்திருக்கிற ஊர். அங்கே ஒரு நாளும் பனி பெய்ததில்லை. பின்னே பாலத்துக்கு உறைபனி எப்படி வந்தது? பக்கத்தில் ஓர் ஐஸ் ஆலை இருந்தது, அவ்வளவுதான். வெயிலில் வெந்துபோன ஊரில் பாறை பாறையாக ஐஸ் வெளியே வருவதைக் கண்ட மக்கள் அந்த அதிசயத்தையே தெருவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஆலை இன்று இல்லை. பெயர் மட்டும் முதியவர்கள் வாயில் இருக்கிறது.

அந்த ஆலையில் செய்த வேலையைத்தான் இன்று நம் வீட்டு மூலையில் நிற்கும் குளிர்ப்பெட்டியும் செய்கிறது. அது ஒரு நாள் குளிராமல் போனால் மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் குறைஞ்சு போச்சு, ரொப்பணும்" என்கிறார். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கொழும்பிலும் சென்னையிலும் ஒரே வசனம்தான். பல சமயம் அது உண்மையாக இருக்கும். பல சமயம், கேஸ் முழுக்க உள்ளேயே இருந்தும் போகவேண்டிய வழி அடைபட்டுக் கிடக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாததால் ஏழைக் குடும்பத்தின் பணம் எவ்வளவோ காற்றோடு போயிருக்கிறது. அந்த அடைப்பின் வரலாற்றைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இயந்திரம் வருவதற்கு முன்பு ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வாளால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெப்ப நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார். 1833-இல் அவருடைய கப்பல் ஒன்று சுமார் 180 டன் ஐஸுடன் புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் மிதந்து கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கரைந்ததுபோக ஏறக்குறைய 100 டன் மிஞ்சியதாம். சென்னைக் கடற்கரையிலும் 1842-இல் அந்த ஐஸைச் சேமித்து வைக்க ஒரு கட்டடம் எழுப்பினார்கள். அந்த ஐஸ் ஹவுஸில்தான் 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இப்போது அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் சென்னைக்காரர் அந்தப் பகுதியை இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

சிங்கப்பூருக்கு 1854-இல் இதே முயற்சி வந்தது. கப்பல்களுக்கு உணவுப் பொருள் வழங்கிப் பணக்காரரான ஹூ ஆ கே என்ற சீனப் பிரமுகர், வாம்போ என்று ஊரார் அழைத்தவர், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஆற்றங்கரையில் ஓர் ஐஸ் கிடங்கு கட்டி அமெரிக்க ஐஸை இறக்கினார். எதிர்பார்த்த விற்பனை ஆகவில்லை. வாங்கும் சக்தியுள்ளவர் சிலர், கரைகிற ஐஸோ யாருக்கும் காத்திருக்காது. கணக்கு எப்படி ஒத்துவரும்?

கப்பலில் வந்த ஐஸுக்குப் பழுது என்று ஒன்று கிடையாது. கரைவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். பழுது என்ற பேச்சே இயந்திரத்தோடு பிறந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஊசி போடுமுன் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கையில் தேய்ப்பார். சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் குளிர்ச்சியான பொருளா? இல்லை. அது ஆவியாகும்போது நம் தோலிலிருந்து சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. குளிர்ப்பெட்டியின் ரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரத்தில் பத்திரிகை நடத்திவந்த ஜேம்ஸ் ஹாரிசன், அச்செழுத்துகளை ஈதரால் துடைத்தபோது உலோகம் சில்லிட்டதைக் கவனித்தாராம். 1850-களில் ஈதரைக் கொண்டு ஐஸ் செய்யும் இயந்திரத்தை அவர் ஓட்டிக் காட்டினார். அதற்கு முன்பே, 1834-இல், ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் லண்டனில் இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் வாங்கியிருந்தார். 1870-களில் ஜெர்மானியரான கார்ல் லிண்டே, ஈதருக்குப் பதில் அமோனியாவைப் போட்டு இதை ஒரு பெருந்தொழிலாகவே ஆக்கினார்.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அமோனியாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெட்டிய பால் கட்டிப்போகாமல் இருக்க அதில் விடுவார்களே, கண்ணைக் கரித்து மூக்கைத் துளைக்கும் அந்த மருந்துதான். தோட்டத்தில் அது தண்ணீரில் கரைந்திருக்கும். ஐஸ் ஆலைகளில் தண்ணீர் கலவாத அமோனியா. திறந்த வெளியில் வைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள் அது.

இங்கே மலைத் தோட்டத்து நேயர்கள் எனக்குக் கைகொடுக்க வேண்டும். நுவரெலியாவிலும் கேமரன் மலையிலும் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரி வரை போகாமல் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. நுவரெலியாவில் சுமார் 94 டிகிரி. அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், அழுத்தம் கூடினால் அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். குளிர் இயந்திரம் இந்த விதியை வைத்துக்கொண்டு விளையாடுகிறது.

கம்பிரசர் என்னும் அழுத்தி, கேஸை அமுக்கிச் சூடாக்கி ஒரு பக்கம் தள்ளுகிறது. பெட்டியின் பின்புறம் வளைந்து வளைந்து போகும் குழாயில் அது சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஓர் ஒடுக்கமான வழியில் நுழைந்து அப்புறம் போனதும் அழுத்தம் திடீரென்று விழுகிறது. உடனே கொதிக்கிறது. கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைப் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு ஆவியாக மறுபடி அழுத்திக்கே திரும்புகிறது.

அந்த ஒடுக்கமான வழியைத்தான் தொண்டைக்குழி என்று சொல்கிறேன். தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது போன்ற ஏற்பாடு. கையை எடுத்துவிட்டால் இரு பக்கமும் ஒரே அழுத்தம், குளிர் வராது. முழுக்க மூடிவிட்டால் திரவமே போகாது, அப்போதும் குளிர் வராது. ஆகவே அடைப்பு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். வேறெந்த இயந்திரத்திலும் இப்படி ஒரு வேடிக்கையை நான் கண்டதில்லை: எது உயிர்நாடியோ அதுவே சற்று மிஞ்சினால் நோய்.

பழைய ஐஸ் ஆலைகளில் இந்தத் தொண்டை கையால் திருகும் ஒரு வால்வு. அதன் பக்கத்தில் ஆள் நிற்பார். குழாயில் வெண்பனி எதுவரை படர்ந்திருக்கிறது என்று பார்ப்பார், அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பார், இரைச்சலைக் கேட்பார். வழி இறுகினால் கால் சுற்றுத் திறப்பார். திரவம் மிதமிஞ்சிப் போனால் மூடுவார். அழுக்குச் சேர்ந்தால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். தொண்டை வெளியே, கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடைப்பைக் கண்டுபிடிப்பதற்கென்று தனி வித்தை தேவைப்படவில்லை. காவலுக்கு நின்ற ஆளே கண்டுபிடிக்கும் கருவி.

அந்தக் குளிர் ஊரை எப்படி மாற்றியது என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிராங்கூன் ரோட்டைச் சுற்றி மாட்டுத் தொழுவங்கள் இருந்த காலம் உண்டு. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு என்ற தெருப் பெயர்கள் இரண்டிலும் அந்த எருமைகள் நிற்கின்றன. பால் ஒரு நாள்கூடத் தாங்காத வெயிலில், கறக்கும் இடமும் குடிக்கும் இடமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். 1903-இல் கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி தொடங்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து உறையவைத்த இறைச்சியைக் கொண்டுவந்தது. 1939-இல் திறந்த கேத்தே தியேட்டர், குளிரூட்டிய திரையரங்கைச் சிங்கப்பூருக்குக் காட்டியது. நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ பிற்காலத்தில், வெப்ப நாடுகள் முன்னேற வழிசெய்த கண்டுபிடிப்பு என்று ஏர்கானைப் புகழ்ந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் இவை எல்லாம் கம்பெனிக்கும் தியேட்டருக்கும் அலுவலகத்துக்கும் வந்த குளிர். சமையலறைக்கு வரவேண்டுமானால் இரண்டு தடை இருந்தது. ஒன்று, கேஸ். அமோனியாவும், அந்தக் காலத்தில் வீட்டுப் பெட்டிகளில் போட்ட கந்தக டையாக்சைடும், மெதில் குளோரைடும் கசிந்தால் ஆளைக் கொல்லக் கூடியவை. பெர்லினில் ஒரு குடும்பம் அப்படி இறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் விஞ்ஞானி ஐன்ஸ்டைன், லியோ சில்லார்டு என்ற இளைஞரோடு சேர்ந்து கசியாத குளிர்ப்பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1930-இல் அதற்கு அமெரிக்க உரிமைப் பத்திரமும் கிடைத்தது. அதே ஐன்ஸ்டைன் 1922-இல் சிங்கப்பூருக்கு வந்து போனவர் என்பது இடையில் ஒரு செய்தி. அவர் பெட்டி கடைக்கு வரவில்லை. காரணம், அதே 1930-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஒரு சபையின் முன்னால் புதிய கேஸ் ஒன்றை மூச்சாக இழுத்து, எரிகிற மெழுகுவர்த்திமேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதுவே சாட்சி. ஃபிரியான் என்று உலகெங்கும் பெயர் பெற்ற கேஸ் அது.

இரண்டாவது தடை, வால்வுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள். வீட்டுக்கு வீடு ஓர் ஆளை நிறுத்த முடியுமா? ஆகவே வால்வையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நீளமான ஒரு செப்புக் குழாயை வைத்தார்கள். கேப்பிலரி என்று மெக்கானிக்குகள் சொல்லும் நுண்குழாய் அது. உட்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆஸ்பத்திரி ஊசிகளில் தடித்ததை எடுத்துக்கொண்டால் அதன் துளை அளவுதான் இருக்கும். நீளம் இரண்டு, மூன்று மீட்டர் வரும். திருகும் பகுதி இல்லை, தேயும் பகுதி இல்லை, விலை மலிவு. அந்த நீளமும் அந்தத் துளையும் சேர்ந்து, எவ்வளவு திரவம் போகலாம் என்பதைத் தாமே தீர்மானித்துவிடும். அதற்கு முன்னால் பென்சில் போலவோ சற்றுத் தடித்தோ ஒரு சிறு உருளை, வடிகட்டியாகவும் ஈரம் உறிஞ்சியாகவும் இருக்கும். அழுத்தியும் மோட்டாரும் ஓர் இரும்புச் சிமிழுக்குள் அடைபட்டன. எல்லாவற்றையும் பற்றவைத்து மூடிவிட்டார்கள்.

இப்படித்தான் குளிர் வீடுவீடாகப் போனது. அதற்கு நாம் கொடுத்த விலை, தொண்டை கண்ணுக்கு மறைந்தது. ஆலைக்காரர் பார்த்துத் தெரிந்துகொண்டதை, இனி வெளியிலிருந்து தொட்டும் கேட்டும் ஊகிக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு கடைக்குப் போவோம். லிட்டில் இந்தியாவில் பூக்கடைகள் அதிகம். மல்லிகைச் சரமும் ரோஜா மாலையும் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டிக்குள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கடையில், வெள்ளிக்கிழமைக்கு முந்திய நாள், பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் வந்த மல்லிகை. பொழுது விடிவதற்குள் பழுத்துப்போகும். கடைக்காரர் பதறுகிறார். மெக்கானிக் வருகிறார். "கேஸ் கம்மியா இருக்கு அண்ணே" என்று சொல்லி ரொப்பிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார். ஒரு நாள் கொஞ்சம் குளிர்கிறது. பிறகு பழையபடி. மறுபடி அழைப்பு, மறுபடி கேஸ், மறுபடி பணம். மூன்றாம் தடவை அழுத்தியே எரிந்துபோகிறது.

இதில் நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம். முதலில் ஒரு விதியை நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள்: குளிர்ப்பெட்டி கேஸைச் செலவழிப்பதில்லை. அது மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் அன்று. உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் ரொப்புகிறவரிடம், "எங்கே கசிந்தது, தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

அடுத்தது, கேஸும் குறையவில்லை, வழியும் அடையவில்லை என்ற நிலை ஒன்று இருக்கிறது. பின்புறக் குழாயில் தூசி அப்பியிருக்கலாம், கதவின் ரப்பர் தளர்ந்திருக்கலாம், உள்ளே காற்றாடி நின்றிருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் கேஸ் பேச்சுக்கே போகக்கூடாது. பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

இவை சரியாக இருந்தும் குளிரவில்லை. அழுத்தமானியை மாட்டினால் திரும்பும் பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைவு. இந்த இடத்தில்தான் மெக்கானிக் வழுக்கி விழுகிறார். கேஸ் குறைந்தாலும் அந்தப் பக்கம் அழுத்தம் குறையும். தொண்டை அடைந்தாலும் குறையும். குளிர்க்குழாயின் ஆரம்பத்தில் மட்டும் பனி பிடித்து மிச்சம் வெறுமையாக இருப்பதும் இரண்டுக்கும் பொது. மின்சாரம் வழக்கத்தைவிடக் குறைவாக இழுப்பதும் இரண்டுக்கும் பொது. இரண்டு நோய்க்கும் ஒரே காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வித்தியாசம் மறுபக்கத்தில், அதாவது சூடு வெளியேறும் குழாயில் இருக்கிறது. கேஸ் குறைந்திருந்தால், அந்தக் குழாயில் திரவம் சேரப் போதுமான சரக்கே இல்லை. மேலிருந்து கீழ்வரை மந்தமான வெதுவெதுப்புத்தான் இருக்கும். தொண்டை அடைந்திருந்தாலோ, போக வழியில்லாத திரவம் அங்கேயே தேங்கி நிற்கும், அடைந்த மடைக்கு மேல் தண்ணீர் நிற்பதுபோல. மேல்வரிசைகளில் சூடும், தேங்கிய திரவம் ஆறிப்போன கீழ்வரிசைகளில் அறையின் வெப்பமும் இருக்கும். கையால் தடவியே ஓரளவு உணரலாம். உறுதியாகச் சொல்ல வெப்பமானியும் அழுத்தமானியும் சேர்ந்து வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

கொஞ்சம் கேஸ் விட்டுப் பார்த்தாலும் தெரியும். உண்மையிலேயே குறைவென்றால், திரும்பும் பக்கத்து அழுத்தம் ஏறி நிற்கும், பனி மெல்ல முன்னேறிப் படரும். அடைப்பென்றால், ஒரு கணம் ஏறிய முள் மறுபடி விழுந்துவிடும், புதிய கேஸும் அழுத்தி வழியாகப் போய் மறுபக்கத்துத் தேக்கத்தில் சேர்ந்துவிடும். அங்கே அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் அந்த ஒடுங்கிய வழியில் சற்று அதிகமாகத் திரவத்தைத் தள்ளும். பூக்கடைப் பெட்டி ஒரு நாள் குளிர்ந்ததன் மர்மம் அதுதான்.

அழுத்தி எரிந்ததற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். சிமிழுக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது திரும்பி வரும் கேஸ்தான். வழி அடைந்தால் திரும்பி வருவது சொற்பம். மோட்டார் சூடேறும், எண்ணெய் கருகும், கருகல் மறுபடி நுண்குழாயில் போய் அப்பும். அடைப்பு அடைப்பை வளர்க்கும்.

எங்கே அடைப்பு என்பதை விரலே சொல்லிவிடும் சமயமும் உண்டு. வடிகட்டி உருளையின் இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். வெளியேறும் முனை குளிர்ந்தோ வியர்த்தோ இருந்தால் வடிகட்டியே அடைந்துவிட்டது, கொதிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நுண்குழாய் எங்காவது மடங்கி நசுங்கியிருந்தால் அந்த இடத்துக்கு அப்புறம் இதே குளிர்ச்சி தென்படும்.

இன்னொரு வகை அடைப்பு, ஒளிந்து விளையாடும் வகை. பெட்டி நன்றாகக் குளிரும், சில மணி நேரத்தில் நின்றுபோகும், அணைத்துவைத்துப் பனி கரைந்ததும் மறுபடி நன்றாகக் குளிரும். மெக்கானிக் வரும் நேரத்தில் எப்போதும் ஒழுங்காக ஓடும்! இது ஈரத்தின் வேலை. உள்ளே புகுந்த ஒரு துளித் தண்ணீர், நுண்குழாய் முடியும் இடத்தில் குளிர் பட்டதும் உறைந்து வழியை மூடிக்கொள்கிறது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் 'உஸ்' என்று இரைச்சல் திரும்பி வரும். வந்துவிட்டால் குற்றவாளி ஈரம்தான்.

ஈரம் என்றதும் வரலாற்றுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மிட்ஜ்லி ஊதிக் காட்டிய நல்ல பிள்ளை, மேலே போய் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. 1974-இல் மோலினா, ரோலண்டு என்ற இரு விஞ்ஞானிகள், இந்த வகைக் கேஸ்கள் வானில் உள்ள ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். 1985-இல் தென் துருவத்துக்கு மேல் அந்தப் படலம் மெலிந்துபோனது தெரியவந்தது. 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டது. சிங்கப்பூர் 1989-இல் அதில் சேர்ந்து, 1996 தொடக்கத்தில் அந்தக் கேஸ்களின் புது வரவை நிறுத்தியது. நியாயமான முடிவு. மூன்று முறை வீணாக ரொப்பிய கேஸ், பெட்டியை வெட்டித் திறக்கும்போதெல்லாம் வானத்துக்குத்தானே போயிற்று?

ஆனால் தொண்டைக்கு அது சோதனைக் காலம். வீட்டுப் பெட்டிகளில் ஃபிரியான்-12-க்குப் பதில் 134ஏ என்ற கேஸ் வந்தது. பழைய கனிம எண்ணெய் அதோடு சேராது. ஆகவே எஸ்டர் வகை எண்ணெய் ஒன்றைப் போட்டார்கள். அது காற்றின் ஈரத்தைப் பஞ்சுபோலக் குடிக்கும். சிங்கப்பூரின் காற்றோ எப்போதும் ஈரக் காற்று. எண்ணெய்ச் சிமிழைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே போதும். அதோடு, குழாயை வளைக்கவும் வெட்டவும் பூசிய மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு, முன்பு பழைய எண்ணெயோடு கரைந்து சுற்றி வந்தது. புது எண்ணெயில் கரையாமல் பிரிந்து நுண்குழாயில் ஒட்டிக்கொண்டது. பழைய பழக்கத்தில் வேலை செய்தவர்கள் பழுதுபார்த்த பெட்டிகள் திரும்பத் திரும்ப அடைந்துபோயின. கேஸை மாற்றினால் கையின் பழக்கத்தையும் மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே பூக்கடைப் பெட்டியைச் சரியாகப் பழுதுபார்ப்பது எப்படி என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் உருளையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய வடிகட்டியைத் தீயால் உருக்கி எடுக்கக் கூடாது. அது பல வருடமாகக் குடித்துவைத்த ஈரம், சூடு பட்டதும் குழாய்க்குள் திரும்பி ஓடிவிடும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். நுண்குழாயைக் குறடால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். அரத்தால் சுற்றிக் கீறி, மெல்ல ஒடிக்க வேண்டும். மாற்றுக் குழாய் அதே துளை, அதே நீளம். கிடைத்ததைப் போட்டால் புதிதாக ஒரு நோயைப் போட்டதாகும். பற்றவைக்கும்போது உள்ளே மெல்ல நைட்ரஜன் ஓடவேண்டும். இல்லாவிட்டால் செம்பின் உள்சுவரில் கருஞ்செதில் உண்டாகி, நாளை அதுவே உதிர்ந்து அடைக்கும். பிறகு வெற்றிடப் பம்பை மாட்ட வேண்டும். மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதைச் சொன்னேன் அல்லவா? காற்றை மிக மிக உறிஞ்சிவிட்டால், சிங்கப்பூரின் 30 டிகிரி அறைச் சூட்டிலேயே உள்ளே ஒளிந்த தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஆகாது. கடைசியாகக் கேஸைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும், கண் மதிப்பில் போடக்கூடாது.

இந்த வேலைக்கு ரொப்பும் வேலையைவிட நேரமும் பணமும் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை. பழைய மலிவான பெட்டியானால், செலவைக் கணக்குப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிடுவதும் புத்திசாலித்தனம்தான். அதை நேர்மையாகச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவர்களை உருவாக்கும் வேலை சிங்கப்பூரில் ஒழுங்காகவே நடந்து வந்திருக்கிறது. 1979-இல் தொழிற்பயிற்சி வாரியமும், 1992-இல் அதன் வழிவந்த தொழில்நுட்பக் கல்விக் கழகமும் அமைந்தன. குளிர்சாதனமும் ஏர்கானும் அங்கே கற்பிக்கப்படும் தொழில்கள். பால் வெட்டியவர் பேரனும் கொழுந்து பறித்தவர் பேத்தியும் கற்கக் கூடிய தொழில் இது. தோட்டத்துப் பள்ளியில் படித்த கணக்கும், சூடு பார்க்கத் தயங்காத விரலும் போதும் தொடங்குவதற்கு.

இப்போது தொண்டைக்கு மூன்றாம் பருவம் நடக்கிறது. 134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமை உடையது. ஆகவே 2022 அக்டோபர் முதல் சிங்கப்பூரில் புதிதாக விற்கும் வீட்டுக் குளிர்ப்பெட்டிகளில் அதற்கு இடமில்லை. ஐசோபியூட்டேன் என்ற கேஸ் வந்துவிட்டது. சமையல் கேஸின் நெருங்கிய உறவு. பல பெட்டிகளில் 50, 60 கிராம்தான் இருக்கும். அவ்வளவு சிறிய அளவில் பத்துக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெட்டி தடுமாறும். அது தீப்பற்றும் பொருள் என்பதால், உள்ளே கேஸ் இருக்கும் குழாயில் நெருப்பைக் காட்டினால் விபரீதம். பெட்டியின் பின்னால் ஆர்-600ஏ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், தீயும் குழலுமாக வருகிற தெரியாத ஆளைக் கிட்டே விடாதீர்கள்.

கேஸ் மூன்று தரம் மாறியும், நுண்குழாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைச் சோதிக்க வீட்டிலிருப்பவர்களே செய்யக்கூடிய ஒன்றை, ஆபத்தில்லாத ஒன்றை, சொல்லி முடிக்கிறேன். பெட்டி நன்றாக இருக்கும் காலத்தில், ராத்திரி வீடு அடங்கிய நேரத்தில், மோட்டார் தானாக நிற்பதற்குக் காத்திருங்கள். நின்றதும் கதவைத் திறந்து உறைபனி அறையின் பக்கம் காதை வையுங்கள். சில நிமிடம்வரை 'சளசள', 'உஸ்' என்று ஓர் ஓசை கேட்கும். அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து நுண்குழாய் வழியாகக் கேஸ் மெல்ல வடிந்து இரு பக்கமும் சமமாகிற ஓசை அது. அதைப் பழகிவைத்துக்கொள்ளுங்கள். பிறகொரு நாள் குளிர் குறைந்து, மோட்டார் நின்றபின் அந்த ஓசை மங்கலாக வெகுநேரம் இழுத்தாலோ, கேட்காமலே போனாலோ, வருகிற மெக்கானிக்கிடம் அதை முதலில் சொல்லுங்கள்: "தம்பி, நின்னப்புறம் வழக்கமா கேட்கிற சத்தம் இப்போ கேட்கலை." தொழில் தெரிந்தவராக இருந்தால், கேஸ் உருளையைக் கீழே வைத்துவிட்டு அவரும் காதை வைத்துக் கேட்பார்.